ஒரு மூடி சமத்து

அந்தக் குழந்தைக்கு வாலு என்று யார் பெயர் வைத்தது என்பது வீட்டில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. பிறப்புச் சான்றிதழில் வேறொரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்ப்பாள். அப்பாவின் கைப்பேசியை வாளித் தண்ணீரில் முக்கிக் குளிப்பாட்டியவள். பக்கத்து வீட்டுக்காரரின் செருப்பில் ஒற்றையை மட்டும் எடுத்து மாடியிலிருந்து கீழே போட்டவள். மூன்று வயது முடிவதற்குள் இரண்டு கதவுத் தாழ்ப்பாள்களைக் கழற்றிவிட்டாள். அவளை வேறு என்னவென்று கூப்பிடுவது? அப்படிப்பட்டவள் இரண்டு மாதமாகச் சமத்தாகிவிட்டாள். எல்லோருக்கும் சந்தோஷம். அவள் அம்மாவுக்கு மட்டும் அது தொண்டையில் மாட்டிய மாத்திரை மாதிரி இறங்கவே இல்லை.

அம்மா வேலை பார்ப்பது மருந்துக்கடையில். அங்கே சந்தேகப்படத்தான் சம்பளம். சீட்டில் இருப்பது டாக்டரின் கையெழுத்தா, வந்தவரின் கையெழுத்தா என்று பார்க்க வேண்டும். அட்டையைத் திருப்பித் தேதி பார்க்க வேண்டும். “எனக்கில்லைங்க, மாமாவுக்கு” என்று தூக்க மாத்திரை கேட்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். எட்டு வருடம் இப்படிப் பார்த்துப் பார்த்து, யாராவது நல்ல செய்தி சொன்னால்கூட அதைத் திருப்பி, பின்பக்கம் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. அவள் கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். “உன்கிட்ட பொய் சொல்றதுக்கு, பிரேக் இல்லாத லிஃப்ட்ல ஏறிடலாம்” என்பான்.

வாலுவைப் பகலில் விடும் குழந்தைகள் காப்பகம் மூன்று தெரு தள்ளி, ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. ஒரு கூடம், உள்ளே ஓர் அறை, ஜன்னலுக்குக் கீழே வரிசையாகச் சின்ன மெத்தைகள். பதின்மூன்று குழந்தைகள். நடத்துகிறவரைப் பெரியக்கா என்றும், உதவிக்கு இருந்தவரைச் சின்னக்கா என்றும் எல்லோரும் கூப்பிட்டார்கள். சின்னக்கா பெரியக்காவைவிடப் பத்து வயது மூத்தவர். அங்கே யார் பெரிது, யார் சின்னது என்பதை வயது முடிவு செய்யவில்லை, சாவிக்கொத்து முடிவு செய்தது.

தினமும் மாலையில் குழந்தையின் பையில் ஒரு நோட்டு வரும். முதல் மூன்று மாதம் அதைத் திறக்கவே பயமாக இருக்கும். ‘தக்காளியைக் கடித்தாள்’ என்று எழுதியிருக்கும். தக்காளி என்பது கன்னம் சிவந்த ஒரு பையன், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் மகன். ‘தூங்கவில்லை. யாரையும் தூங்கவும் விடவில்லை.’ ‘மேல்வீட்டிலிருந்து மறுபடியும் புகார்.’ பிறகு ஒரு திங்கட்கிழமை, ‘தூக்கம்: ஒன்றரை முதல் நாலரை வரை. இன்று சமத்து’ என்று வந்தது. அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் சமத்து.

வீட்டுக்கு வந்தால் வாலுவும் அதையே சொல்வாள்.

“அம்மா, நான் சமத்து குடிச்சேன்.”

“சமத்து குடிச்சேன் இல்லடி தங்கம். சமத்தா குடிச்சேன்னு சொல்லணும்.”

“இல்ல. சமத்து குடிச்சேன்.”

“சரி சரி. பாலை சமத்தா குடிச்சிட்ட. என் ராஜாத்தி.”

வாலு ஒரு மாதிரிப் பார்ப்பாள். இந்த அம்மாவிடம் பேசிப் பிரயோசனமில்லை என்கிற பார்வை அது. பேச்சு இப்போதுதான் வருகிறது, எழுத்து கொஞ்சம் விழுந்து போகிறது என்று அம்மா நினைத்துக்கொள்வாள். பிழையைத் திருத்துவதில் இருந்த அக்கறை, பிழையைக் கேட்பதில் அவளுக்கு இல்லை. இதைப் பிற்பாடு நினைத்து நினைத்து அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வினை. பகல் ஒரு மணி ஆனால் வாலுவுக்கு எதுவும் பிடிக்காது. கண்ணைக் கசக்குவாள், தூங்க மாட்டாள், தரையில் புரண்டு உதைப்பாள். “சமத்து குடு” என்று அழுவாள். “நீதான் சமத்தாச்சே” என்று கொஞ்சினால் இன்னும் ஓங்கி அழுவாள்.

“வீட்ல செல்லம் ஜாஸ்தி. அங்க கொஞ்சம் பயம் இருக்கு, அடங்கிப் போறா” என்றான் கணவன்.

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அவள் அந்த ஒரு வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதற்குப் பயம்? யாரிடம் பயம்?

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கத் தொடங்கினாள். குளிப்பாட்டும்போது தோள், தொடை, காதின் பின்புறம், உள்ளங்கால் எல்லாம் பார்த்தாள். கடையில் சுகாதாரத் துறையின் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. ‘குழந்தைக்குக் கொடுமை நடக்கிறதா? அடையாளங்கள்’ என்று தலைப்பு. கன்றிப்போன கை, சூட்டுத் தழும்பு, பயந்து மூலையில் ஒடுங்கிய பிள்ளை என்று படம் படமாகப் போட்டிருந்தது. ஆள் வராத நேரத்தில் அதன் முன்னால் நின்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். ஒன்றும் பொருந்தவில்லை. நன்றாகத் தூங்கும் குழந்தையின் படம் அதில் இல்லை.

கட்டடத்துக் காவலாளியைச் சந்தேகப்பட்டாள். அவர் பாவம், பிள்ளைகளைக் கண்டால் தொப்பியைக் கழற்றிக் காட்டுவார், அவ்வளவுதான். குழாய் பழுது பார்க்க வந்துபோகும் பெரியக்காவின் தம்பியைச் சந்தேகப்பட்டாள். அவன் ஊரிலேயே இல்லை என்று தெரிந்தது. வாலுவிடமே கேட்டாள்.

“உன்னை யாராவது அடிச்சாங்களா?”

“தக்காளி அடிச்சான்.”

“அப்புறம்?”

“நான் கடிச்சேன்.”

ஒரு புதன்கிழமை, முதலாளியிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு, மூன்று மணிக்குக் காப்பகத்தின் முன் போய் நின்றாள். பெரியக்கா முகம் சுளிக்காமல் கதவைத் திறந்தார். உள்ளே பதின்மூன்று மெத்தைகளில் பதின்மூன்று பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சின்னக்கா துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். “பாத்தீங்களா, எவ்வளவு அமைதி” என்று பெரியக்கா கிசுகிசுத்தார். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. திரும்பும்போது அவள் கை பட்டு, வாசலில் இருந்த இரும்புக் குப்பைக்கூடை படிக்கட்டில் உருண்டு தெருவே கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டது. தெரு முனை வரை போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்தச் சத்தத்துக்கு உள்ளே ஒரு குழந்தைகூட அழவில்லை.

அடுத்த வாரம், காப்பகத்தில் சுவருக்கு வண்ணம் அடிக்கிறார்கள் என்று திங்கட்கிழமை விடுமுறை விட்டார்கள். வேறு வழியில்லாமல் வாலுவைக் கடைக்குக் கூட்டி வந்து, பின்பக்கம் ஒரு முக்காலியில் உட்கார வைத்தாள். வாலு அரை மணி நேரத்தில் பஞ்சு உருண்டை ஒன்றைப் பிரித்து முதலாளியின் நாற்காலியில் மெத்தை போட்டாள். பிறகு தலையை அண்ணாந்து அலமாரியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“அம்மா, இங்க எவ்வளவு சமத்து.”

அம்மாவின் கை மாத்திரை அட்டையோடு அப்படியே நின்றது.

“எதுடி சமத்து?”

வாலு விரலை நீட்டினாள். மூன்றாவது தட்டில், ஆரஞ்சு நிறத்தில், வரிசையாகச் சளி மருந்துப் பாட்டில்கள். “சின்னக்கா மூடில ஊத்துவாங்க. எல்லாரும் ஆ காட்டணும். சமத்து குடி, சமத்து குடின்னு சொல்வாங்க. குடிச்சிட்டுப் படுத்துக்கணும்.” வாயை ஆவென்று திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடிக் காட்டினாள்.

சின்னக்கா சொன்னது ‘சமத்து, குடி’ என்றுதான் இருக்கும். செல்லமாகத்தான் சொல்லியிருப்பார். நடுவில் இருந்த அந்தச் சின்ன இடைவெளி பிள்ளையின் காதுக்கு எட்டவில்லை. எதைக் குடிக்கிறோமோ அதன் பெயர் சமத்து என்று எடுத்துக்கொண்டாள். இரண்டு மாதமாக அவள் தினமும் வீட்டுக்கு வந்து ஒழுங்காக வாக்குமூலம் கொடுத்திருக்கிறாள். அம்மா தினமும் அதில் இலக்கணப் பிழை பார்த்திருக்கிறாள்.

அடுத்த நிமிடம் இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. வியாழக்கிழமை தோறும் சின்னக்கா இந்தக் கடைக்குத்தான் வருகிறார். “பிள்ளைங்களுக்குச் சளி. ஒருத்தருக்கு வந்தா எல்லாருக்கும் ஒட்டிக்குது” என்பார். சிறு பிள்ளைகளுக்கு என்றால் சீட்டில்லாமல் இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது என்பது கடையின் விதி. தெரிந்தவர்தானே, தன் பிள்ளையையே பார்த்துக்கொள்கிறவர்தானே என்று சீட்டில்லாமல் எடுத்துக் கொடுத்தது இவள்தான். “தூக்கம் வரும், பாத்துக் குடுங்க” என்று எல்லோரிடமும் சொல்கிற மாதிரியே அவரிடமும் சொல்லியிருக்கிறாள். முதல் தடவை அவர், “எவ்வளவு நேரம் தூங்கும்?” என்று கேட்டார். இவள் சிரித்துக்கொண்டே, “மூணு மணி நேரம் அசையாது” என்றாள். பாட்டிலின் மேல் இருந்ததை அவள்தான் வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

முதலாளியிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“காப்பகத்து மேல புகார் குடுக்கறது உன் இஷ்டம்மா. ஆனா எங்க வாங்கினாங்கன்னு முதல் கேள்வியே இங்கதான் வரும். சீட்டு எங்கன்னு கேப்பாங்க. உன் வேலையும் போகும், என் லைசென்ஸும் போகும். பிள்ளையை வேற இடத்துல சேத்துட்டு வாயை மூடிக்கிட்டு இரு.”

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். அன்று அவளுக்கு அந்த இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் தெரியவில்லை.

கணவனிடம் பாதியைத்தான் சொன்னாள். மருந்து கொடுக்கிறார்கள் என்று சொன்னாள். யார் விற்றது என்று சொல்லவில்லை.

“அடிச்சாங்களா?” என்று கேட்டான் அவன்.

“இல்ல.”

“சூடு வெச்சாங்களா? பட்டினி போட்டாங்களா?”

“இல்லைங்க.”

“பின்ன இதைப் போய் கொடுமைன்னா, நிஜமாவே அடி வாங்கற பிள்ளைங்களுக்கு என்ன வார்த்தை வெச்சிருக்க நீ? சளி புடிச்சா நீயே அதைத்தான குடுக்கற?”

“சளி புடிச்சா குடுப்பேன். சத்தம் போட்டா குடுக்க மாட்டேன்.”

அவன் உள்ளே போய்த் தூங்குகிற வாலுவைப் பார்த்துவிட்டு வந்தான். பிறகு சொன்னான். “தப்புதான், இல்லைன்னு சொல்லல. ஆனா நாளைக்கே எடுத்துட்டா யாரு பாத்துக்குவா? நீ வேலைய விடுவியா, நான் விடட்டுமா?”

அவள் நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, மற்ற பெற்றோர்களுக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் சொன்னாள். சிலர் நம்பவில்லை. சிலர் நம்பியும் ‘அப்படியா’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் பெரியக்காவே, சனிக்கிழமை இரண்டு மணிக்கு எல்லோரும் வாருங்கள், மனம் விட்டுப் பேசலாம் என்று செய்தி அனுப்பினார். அவ்வளவு இனிப்பான செய்தியைப் பார்த்ததும் வாலுவின் அம்மாவுக்கு மூக்கு வியர்த்தது.

கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். புது வண்ணத்தின் வாடை இன்னும் போகவில்லை. பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். சனிக்கிழமையும் வேலை நாள்தான், பிள்ளைகள் உள்ளறையில் இருந்தார்கள். வாலுவை மட்டும் அம்மா மடியை விட்டு இறக்கவில்லை. வாலு சும்மா இருப்பாளா? வாத்தியாரின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினாள். மூடியைக் கடித்தாள். இறங்குகிறேன் என்று நெளிந்தாள்.

“அவளைக் குடு. நான் உள்ள விட்டுட்டு வரேன். தக்காளி கூட விளையாடட்டும், நாம பேசி முடிப்போம்” என்றான் கணவன்.

“வேணாங்க.”

“இத்தனை பேர் உக்காந்திருக்கோம். கதவு அதோ இருக்கு. என்ன ஆயிடும்?” அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டு, வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளால் அதற்கு மேல் மல்லுக்கட்ட முடியவில்லை.

உள்ளே தட்டைத் தட்டும் சத்தமும் கூச்சலும் கேட்டது. பெரியக்கா கதவு வரை போய், “சத்தம் வெளிய வராம பாத்துக்கங்க” என்று சின்னக்காவிடம் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

முதலில், சளி இருந்தால் மட்டும்தான் கொடுக்கிறோம் என்றார். பதின்மூன்று பேருக்கும் இரண்டு மாதமாகச் சளியா என்று வாலுவின் அம்மா கேட்டாள். பெரியக்கா அதற்குமேல் பூசி மெழுகவில்லை.

“சரி, குடுக்கறோம். மறைக்கல. மேல்வீட்டுக்காரர் எழுதின புகார் இந்தா இருக்கு, பதினோரு கடுதாசி. இன்னொண்ணு வந்தா இடத்தைக் காலி பண்ணணும். அடிச்சா தப்பு, திட்டினா தப்பு, கட்டிப் போட்டா தப்பு, டிவி போட்டாலும் தப்பு. ரெண்டு பேர் பதிமூணு பிள்ளைங்களை வேற என்னதான் பண்றது? ஆறு மணிக்கு வரேன்னுட்டு ஏழரைக்கு வர்றவங்க யார் யாருன்னு நான் பேர் சொல்லட்டுமா?”

எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள்.

கடுகின் அம்மா தொண்டையைச் செருமினாள். கடுகு அங்கே இருப்பதிலேயே சின்னப் பிள்ளை. ஒன்றேகால் வயதுதான். அம்மாவுக்குத் துணி ஆலையில் மேற்பார்வை வேலை. “எனக்குத் தெரியும். என்கிட்ட கேட்டுட்டுத்தான் குடுத்தாங்க. நான் சரின்னேன். வீட்ல அவன் அழுதா நானும் அவரும் அடிச்சிக்காத குறை. இங்கயாவது நிம்மதியா தூங்கறான். இதைக் கொடுமைன்னா அப்போ நானும் கொடுமைக்காரியா?”

“யாரும் உங்களைச் சொல்லல” என்றார் வாத்தியார். அவர் மடியில் காகிதம் வைத்துக்கொண்டு, எல்லோர் சார்பிலும் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். “கொடுமைன்னா அதுக்கு ஒரு நோக்கம் இருக்கணும். நோகடிக்கணும்னு நினைச்சுச் செய்யறதுதான் கொடுமை. இதை நாம கவனக்குறைவுன்னு போடலாம்.”

“கவனமாத்தான் குடுத்திருக்காங்க. அதுல என்ன குறைவு?” என்று யாரோ கேட்டார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

“அப்போ முறைகேடு.”

“முறைகேடுன்னா ரேஷன் கடை மாதிரி இருக்கு.”

“பாதிப்பு இருந்தாத்தான் கொடுமை. இங்க எந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு? சொல்லுங்க” என்றார் ஓர் அப்பா.

வாலுவின் அம்மா சொன்னாள். குப்பைக்கூடை உருண்ட சத்தத்துக்கும் ஒரு பிள்ளைகூட விழிக்காததைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை புரண்டு அழுவதைச் சொன்னாள். இந்த நான்கு நாளும் பகல் ஒரு மணியானால் ‘சமத்து குடு’ என்று கேட்டு அழுததைச் சொன்னாள். எங்கள் பையனும் ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் என்று பின்வரிசையில் ஒரு பெண் மெல்லச் சொன்னாள். அந்தப் பெண்ணின் கணவன் அவள் கையை அழுத்தினான். அவள் நிறுத்திக்கொண்டாள்.

பிறகு பேச்சு, இனி என்ன செய்வது என்பதற்குத் தாவியது. கேமரா வைக்கலாம் என்றார் ஒருவர். சம்மதத் தாளில் கையெழுத்து வாங்கலாம் என்றார் இன்னொருவர். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வாத்தியார் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே திடீரென்று நிமிர்ந்தார்.

“ஆமா, இதை எந்தக் கடைல வாங்கறாங்க? சின்னப் பசங்களுக்குச் சீட்டில்லாம குடுக்கறாங்கன்னா அவங்க மேலதான் முதல்ல கேஸ் போடணும்.”

பெரியக்கா வாலுவின் அம்மாவைப் பார்த்தார். எந்தக் கடை, விற்பது யார் என்று பெரியக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் சொல்லாமல், சொல்லிவிடட்டுமா என்று கேட்கிற மாதிரி உதட்டோரத்தில் லேசாகச் சிரித்தார். நீ வாயை மூடினால் நானும் மூடுகிறேன் என்று அதற்கு அர்த்தம். வாலுவின் அம்மா வாயை மூடிக்கொண்டாள். கணவன் அதைக் கவனித்தான். அவள் முகத்தையும் பெரியக்காவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

வாத்தியார், ‘பராமரிப்பில் நேர்ந்த குறைபாடு’ என்று எழுதியதைப் படித்துக் காட்டினார். பரவாயில்லை, கௌரவமாக இருக்கிறது என்றார்கள். குறைபாடா, குறைபாடுகளா என்று ஒரு சர்ச்சை கிளம்பியது. அந்தச் சர்ச்சையின் நடுவில்தான் வாலுவின் அம்மா தலையைத் தூக்கினாள். எதையோ காணவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. என்னவென்று புரிய இரண்டு நிமிடம் ஆனது. உள்ளே சத்தமே இல்லை.

எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. பேச்சு மும்முரத்தில் யாருமே கவனிக்கவில்லை. சொல்லப்போனால், இப்போதுதான் நிம்மதியாகப் பேச முடிகிறது என்றுகூடச் சிலர் நினைத்திருக்கலாம்.

அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

மெத்தைகளில் பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். சின்னக்கா ஒரு மூடியைக் கழுவி, துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. கொடுத்த வேலையை முடித்த களைப்புதான் இருந்தது.

“சத்தம் வராம பாத்துக்கச் சொன்னாங்க” என்றார்.

அங்கே அந்த வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். பெரியக்காவுக்கே அது மறந்து போயிருந்தது. கதவருகே வந்து நின்றவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “ஐயோ, இன்னிக்கா, நான் இன்னிக்கு அப்படிச் சொல்லலையே” என்றார்.

கணவன் எல்லோரையும் விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். வாலுவைத் தூக்கினான். தலை அவன் முழங்கையிலிருந்து வழுக்கிப் பின்னால் தொங்கியது. “வாலு” என்றான். கன்னத்தைத் தட்டினான். “அம்மாடி, அப்பா பாரு.” ஓர் இமை பாதி திறந்து மூடிக்கொண்டது. கயிற்றில் தொங்கிக்கொண்டு பத்தாவது மாடியில் வேலை பார்க்கிறவன் அவன். பிள்ளையின் தலையை எப்படிப் பிடிப்பது என்று இப்போது அவனுக்குத் தெரியவில்லை.

“நான்தானே கொண்டு வந்து விட்டேன்” என்றான். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

வாத்தியார் காகிதத்தை எங்கே போட்டாரோ, தரையில் மண்டியிட்டுத் தக்காளியை உலுக்கிக்கொண்டிருந்தார். பாதிப்பு என்ன என்று கேட்டவர் தன் மகளின் இரண்டு கையையும் பிடித்து உட்கார வைக்க, அவள் துணி மாதிரிச் சாய்ந்தாள். பத்து நிமிடத்துக்கு முன்னால் அத்தனை வார்த்தை வைத்திருந்தவர்களிடம் இப்போது பிள்ளையின் பெயர் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

“எவ்வளவு குடுத்தீங்க?” என்று வாலுவின் அம்மா கேட்டாள். குரல் அவளுடையதாகவே இல்லை. கடையில் கேட்கிற குரலாக இருந்தது.

“வழக்கம் போலத்தான். ஒரு மூடி.”

“யாருக்கு?”

“எல்லாருக்கும் ஒரு மூடிதான். ஒருத்தருக்குக் கூட, ஒருத்தருக்குக் குறைன்னு நான் பாக்கறதில்ல” என்றார் சின்னக்கா. அதைப் பெருமையாகத்தான் சொன்னார். பிறகு கொஞ்சம் யோசித்து, “இன்னிக்கு ரொம்ப ஆட்டம் போட்டாங்க, தூங்கவே இல்ல. அதனால ரெண்டாவது தடவையும் குடுத்தேன்” என்றார்.

ஐந்து வயதுக்கும் ஒரு மூடி. ஒன்றேகால் வயதுக்கும் ஒரு மூடி. வாலுவின் அம்மா மெத்தைகளைத் தாண்டிக்கொண்டு கடைசி மெத்தைக்கு ஓடினாள். கடுகின் உதட்டில் நிறம் இல்லை. காதை மூக்கருகே வைத்தாள். மூச்சு இருந்தது. ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே காத்திருக்க வேண்டியிருந்தது. கடுகின் அம்மா வாசலிலேயே நின்றாள். ஏன் எல்லோரும் தன் பிள்ளையின் பக்கம் பார்க்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் மெத்தைகளுக்கு நடுவே ஓடி வந்து அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“வண்டி யார்கிட்ட இருக்கு? எல்லாப் பிள்ளைங்களையும் தூக்குங்க. இவனை முதல்ல” என்றாள் வாலுவின் அம்மா.

மருத்துவமனையில் கடுகைக் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போய்க் குழாய் பொருத்தினார்கள். மற்ற பிள்ளைகளை நீள வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேராகக் கிடத்தினார்கள். இளம் டாக்டர் ஒருவர் பலகையில் காகிதத்தை மாட்டிக்கொண்டு வந்தார்.

“என்ன குடுத்தீங்க? எவ்வளவு? எப்போ?”

பெரியக்கா சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தார். பெற்றோர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வாலுவின் அம்மா மருந்தின் பெயரைச் சொன்னாள். மூடிக்கு எத்தனை மில்லி, அதில் மருந்து எவ்வளவு, முதல் மூடி இரண்டேகாலுக்கு, அடுத்தது இரண்டே முக்காலுக்கு என்று சொன்னாள். வழியிலேயே சின்னக்காவிடம் கேட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு பிள்ளையின் வயதையும் சொன்னாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

“நீங்க நர்ஸா?”

“இல்ல டாக்டர்.”

“பின்ன எப்படி இவ்வளவு கரெக்டா தெரியும்?”

முதலாளி கண்ணாடியைத் துடைப்பது அவளுக்கு நினைவுக்கு வந்தது. வாத்தியார் பக்கத்திலேயே நின்றிருந்தார். கணவன் வாலுவின் தலைமாட்டிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரியக்கா அழுகையை நிறுத்திவிட்டு முகத்தைத் தூக்கினார். இவளுக்குச் சும்மா இருக்க இன்னும் ஒரு வழி இருந்தது. பாட்டிலில் படித்தேன் என்று சொல்லியிருக்கலாம். யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

“வித்தது நான்தான்” என்றாள். “சீட்டில்லாம. வாரா வாரம். மூணு மணி நேரம் அசையாதுன்னு சொல்லிக் குடுத்ததும் நான்தான்.”

கடுகின் அம்மா மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவள் தாங்கிக்கொண்டு நின்றாள். டாக்டர் தலையைக் குனிந்து, அவள் சொன்னதை அப்படியே எழுதினார். எந்த வார்த்தை போடலாம் என்று அவர் யாரையும் கேட்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து, கடுகின் மூச்சு சீராகிறது என்று நர்ஸ் வந்து சொன்னாள். ராத்திரி முழுக்கப் பார்க்க வேண்டும், இப்போதைக்குப் பயமில்லை என்றாள். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாலு அப்பாவின் சட்டை மேல் வாந்தி எடுத்தாள். கண்ணை விழித்தாள். தெரியாத விளக்குகளையும் தெரியாத முகங்களையும் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து, வார்டின் கடைசிக் கட்டில் வரை கேட்கும்படி வீரிட்டு அழத் தொடங்கினாள். கட்டில்களைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். அவளை அழாதே என்று யாரும் சொல்லவில்லை.